பளபளாவின் வலது கன்னம்

யார் ஏறினாலும் லிஃப்ட்காரர் முதலில் வலது கன்னத்தைக் காட்டிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். “எத்தனாவது மாடிங்க?” என்று அந்தக் கன்னமே கேட்பது போலிருக்கும். இடது கன்னம் சுவர்ப்பக்கமாக, யார் கண்ணிலும் படாமல் ஓய்வெடுக்கும்.

எல்லாம் மனைவியின் வேலை. அவர் வீட்டு முன்னறையில் அழகுநிலையம் நடத்துகிறார். தன் அண்ணன் வளர்க்கும் தேனீக்களின் மெழுகையும் தேனையும் உருக்கி, சொந்தமாக ஒரு கிரீம் செய்திருக்கிறார். ஒரு பக்கம் தடவி மறுபக்கத்தைச் சும்மா விட்டால்தானே வித்தியாசம் தெரியும்? மூன்று மாதமாக வலது கன்னத்துக்கு ராஜ உபசாரம், இடது கன்னத்துக்குக் குழாய்த் தண்ணீர். ஆறு மாடிக் கட்டடமும் இப்போது அவரைப் ‘பளபளா’ என்றுதான் கூப்பிடுகிறது. அதில் மனிதருக்கு உள்ளூரப் பெருமை.

“இது என் மூஞ்சி இல்லைங்க, எங்க வீட்டம்மாவோட போர்டு” என்பார். அதனால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க மாட்டார். தலையணைக்கு எதற்கு அழகு என்பது அவர் கட்சி. வீட்டு எறும்புகள் மட்டும் மோப்பம் பிடித்து வந்துவிடும். “அதுங்களுக்குத் தெரியுது சரக்கோட அருமை” என்று ஊதிவிடுவார்.

மூன்றாம் மாடியில் அழகுப்பொருள் கடை. வெள்ளிக்கிழமை கன்னத்தைப் பார்ப்பதாகவும், பிடித்தால் இருநூறு டப்பா எடுப்பதாகவும் கடைக்கார அம்மாள் சொல்லியிருந்தார். அது நடந்துவிட்டால் முன்னறையை விட்டு மெயின் ரோட்டுக்கே போய்விடலாம் என்று மனைவிக்குத் தூக்கமே இல்லை. வியாழக்கிழமை மெழுகு வாங்கப் போன இடத்தில் லிஃப்ட்காரர் தேனீப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இடது கன்னத்தில் ஒரே கொட்டு.

“உங்களை யாரு உள்ள தலையை விடச் சொன்னது?” என்று மனைவி அழுதே விட்டார்.

மறுநாள் மனைவியோடு லிஃப்டில் ஏறிய கடைக்கார அம்மாள் வலது கன்னத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சும்மா இருக்காமல் மறுபக்கமும் எட்டிப் பார்த்தார். பன் போல உப்பியிருந்த இடது கன்னத்தைக் கண்டு அசந்துபோனார்.

“ஒரு சுருக்கம் இல்லையே. இந்தப் பக்கம்தானே தடவினீங்க?”

மனைவி வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட்காரர் உளறிவிட்டார். “அது தேனீ கொட்டினதுங்க.”

“தேனீ விஷமா? அதைத்தான் இப்ப எல்லாரும் கேக்கறாங்க. நாளைக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி ஆக்கிக் காட்டுங்க. இருநூறு டப்பா எழுதிக்கறேன்.”

சாயங்காலம் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. உள்ளே ஒற்றைத் தேனீ கோபமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை வலது கன்னத்தருகே கொண்டுபோன மனைவி பாதியிலேயே நிறுத்திவிட்டார். மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த கன்னம்.

“வேணாங்க, ஆர்டர் போனா போயிட்டுப் போகுது” என்று கண் கலங்கினார்.

லிஃப்ட்காரர் மனைவி கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானே அதை வலது கன்னத்தில் கவிழ்த்து அழுத்திக்கொண்டார்.