கம்பி முதலிலா, பிள்ளை முதலிலா?

தத்தெடுப்புக்காக வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். "குழந்தை வரப்போற வீடு, மாடிப்படிக்குத் தடுப்புக் கம்பி போட்டிருங்க" என்று தத்தெடுப்பு மையத்து மேடம் போனிலேயே சொல்லிவிட்டார்.

இன்று தக்கலையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

"கம்பிக்கு இடையில எவ்வளவு கேப் விடணும்? பிள்ளைக்கு எத்தன வயசு?" என்றார் பட்டறைக்கார அண்ணாச்சி.

"தெரியாது அண்ணாச்சி."

"நடக்குமா, தவழுமா?"

"அதுவும் தெரியாது."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளைக்க வயசு தெரியாத தாய இப்பத்தான் மக்களே பாக்கேன்."

தத்தெடுக்கப்போகிற விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப பிள்ளை வரட்டு. தலைய அளந்து கரெக்டா அடிச்சிரலாம்."

"கம்பி இருந்தாத்தான் பிள்ளையே தருவாவ அண்ணாச்சி!"

"பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கம்பி எதுக்குன்னு கேக்கேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே கிடந்த கம்பியையெல்லாம் கையாலேயே வளைத்திருப்பேன். "எத்தன இன்ச்னு கேட்டுட்டு வாங்க மக்களே" என்று அனுப்பிவிட்டார்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதாவது மாடிக் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டியிருந்தால், அது எத்தனை இன்ச் இடைவெளி என்று கீழே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அளந்து பார்க்க இன்னும் தலை வரவில்லை.