மூன்று தடவை மாட்டிய கம்பி

அப்பாவுக்குக் கிளச்சுக் கம்பி மாட்டத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் அப்பாவுக்கு வேலை. துரையின் மோட்டார் சைக்கிளைத் துடைப்பார், பழுது பார்ப்பார். பக்கத்தில் ஆள் உட்காரப் பெட்டி வைத்த வண்டி அது. கார்த்திகை கடைசி நாள் துரையிடம் கேட்டு அதை வாங்கி வந்தார். அப்பாவின் தங்கையை, என் அத்தையை, முட்டத்துக்கு அருகே புருஷன் வீட்டில் கொண்டு விட வேண்டும். அவள் அங்கிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

முடிவு பெரியப்பாவுடையது. நாளை மார்கழி. மார்கழியில் பெண்ணைக் கொண்டு விடக் கூடாது. விளக்கு வைக்கும் முன் அவள் அந்த வீட்டுப் படி ஏறியாக வேண்டும். மோட்டாரில் போய் இறங்கினால் சம்பந்தி வீட்டார் இனி மரியாதையாக நடத்துவார்கள் என்றும் சொன்னார். அண்ணன் சொன்னால் அப்பா மறுத்துப் பேச மாட்டார்.

பெரியப்பா பின்னால் ஏறினார். நானும் அத்தையும் பெட்டிக்குள். முட்டத்துக் கலங்கரை விளக்கு எரிவதைப் பார்க்க வேண்டும் எனக்கு. இருப்பே கொள்ளவில்லை. அத்தையின் முழங்கைக்கு மேலே கரண்டிக் காம்பு நீளத்துக்கு ஒரு தழும்பு. என்ன என்று கேட்டேன்.

"கஞ்சி கொட்டிட்டு பிள்ளே."

நம்பினேன்.

நாலு மைல் மிச்சம் இருக்கையில் ஒரு குளத்தங்கரையில் கிளச்சுக் கம்பி அறுந்தது. கைப்பிடியில் லிவர் தொளதொளவென்று ஆடியது.

"எவ்வளவு நேரமாவும்டே?" என்றார் பெரியப்பா.

"அரை மணிக்கூர், அண்ணே."

பையில் வேறு கம்பி இருந்தது. அப்பா அதைக் கோத்து முடுக்கினார். பெரியப்பா கால் கழுவக் குளத்தில் இறங்கியிருந்தார். கியரில் போட்டு லிவரைப் பிடித்துத் தள்ள வேண்டும், வண்டி நகர்ந்தால் கம்பி சரி. இது அப்பா எனக்குச் சொல்லித் தந்தது. தள்ளினார். நகர்ந்தது.

"அப்பா, நவுந்துட்டு."

"சும்மா இருட்டி."

திருகாணியைத் தளர்த்தினார். கம்பியை முழுக்க உருவி எடுத்தார். துடைத்தார். மறுபடி கோத்தார்.

வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் நிறுத்திப் பார்த்தார். "மோட்டாருக்கு ஒரு கட்டு வைக்கோல் போடட்டா?" என்றார். பிறகு, முட்டம்தான் போகிறேன், ஏறுங்கள் என்றார்.

பெரியப்பா வெயிலைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார். "வைக்கோலுக்கு மேல இருத்திக் கொண்டு போனா சம்பந்தி என்ன நெனப்பான்? நீரு போவும்."

மூன்றாம் தடவை மாட்ட அப்பா கம்பியை மறுபடி உருவினார். நான் பெட்டியின் விளிம்பைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தேன். சரியாக இருந்ததை எதற்குக் கழற்றுகிறார்? பெரியப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

"வேலை இன்னுமா கழியல?" என்றார் பெரியப்பா.

"இந்தா ஆச்சு, அண்ணே."

வயல்மேல் கொக்குகள் திரும்பிப் போயின. தூரத்தில் ஒரு வீட்டில் விளக்கு வைத்துவிட்டார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இனிப் போயிப் பிரயோஜனமில்ல. திருப்புடே வண்டிய."

அப்பா திருகாணியை இரண்டு திருகு திருகினார். ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது.

"இப்ப மட்டும் எப்பிடிடே?"

"தெரியல, அண்ணே."

அத்தை அப்போதுதான் பெட்டியை விட்டு இறங்கினாள். குளத்தில் முகம் கழுவிவிட்டு வந்து ஏறினாள்.

தை பிறந்தபோது அவள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். அப்பா துரையிடம் சொல்லி வாங்கித் தந்த வேலை. பெரியப்பா ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் கண்டவரிடமெல்லாம் சொன்னேன், அப்பா மூன்று தடவை மாட்டியும் முடியவில்லை என்று. ஆட்கள் அப்பாவிடமே கேட்டுச் சிரித்தார்கள். அவர் ஆமா என்பார். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தை ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். அந்தத் தழும்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. நான் முட்டத்து விளக்கைப் பார்க்க முடியாமல் போன கோபத்தில் இருந்தேன்.