முன்னால் போகிறவளின் முதுகு

மதுரையில் நான் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்த காலத்தில் கூட ஓட்ட ஒரே ஒருத்திதான் இருந்தாள். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அவள் அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் ஜவுளிக் கடை. வீட்டில் அவர்கள் தங்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். ஒரு சொல்லும் விளங்காமல் நான் முற்றத்தில் நின்று அவளுடைய டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பேன்.

காலையில் கோச்சடையில் சந்திப்போம். வைகைக் கரையை ஒட்டி மேலக்கால் வழியாகச் சோழவந்தான் போய்த் திரும்புவோம். போகும்போதும் வரும்போதும் நான்தான் முன்னால். என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் அவள் வருவாள். திரும்பும் வழியில் கோச்சடை நெருங்கியதும் சட்டென்று விலகி என்னைத் தாண்டிப் போய், டீக்கடை வாசலில் காலூன்றிச் சிரிப்பாள்.

“காத்த நீ வாங்கு. காபிய நான் வாங்கித் தாரேன்.”

தினமும் இதே கதை. காபியும் வாங்கித் தருவாள்.

முன்னால் போகிறவள் காற்றை உடைத்துக்கொண்டு போகிறாள். ஒட்டிப் பின்னால் வருகிறவளுக்குக் காற்று படுவதில்லை. ஆகவே அவளுக்குக் கால் வலு மிஞ்சுகிறது, அதைக் கடைசியில் செலவழிக்கலாம். சாலைப் பந்தயத்தின் தந்திரமெல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், இயற்பியல் படித்தவள். யாராவது கேட்டால் படம் போட்டே விளக்கியிருப்பேன். ஆனால் யாருக்காவது பின்னால் போய் ஒட்டிக்கொள்ள மட்டும் என்னால் முடியவில்லை.

அதற்குக் காரணம் அப்பா.

எங்கள் ஊர் திண்டுக்கல் சாலையில் வாடிப்பட்டிக்கு முன்பே பிரியும் ஒரு மண் சாலையில் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டுமானால் பெரிய தெருவைக் கடக்க வேண்டும். அப்பாவின் இளவயதில் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எதிரில் அந்தத் தெருக்காரர் நடந்து வந்தால் ஒதுங்கி நின்று, அவரைப் போகவிட்டுப் பின்னால் போக வேண்டும். நான் படிக்கும் காலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் அந்தத் தெரு தொடங்கும் சாவடி வளைவு வந்தால் அப்பாவின் கால் தானாகக் கீழே இறங்கிவிடும். தெரு முடிந்ததும்தான் ஏறுவார்.

பிளஸ் ஒன்னில் அரசாங்கம் எங்களுக்குச் சைக்கிள் கொடுத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா சீட்டைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

“சாவடிகிட்ட எறங்காத தாயி. எவனுக்கும் பின்னாடியும் போவாத. முன்னாடி போ.”

நான் இறங்கவில்லை. அந்தச் சைக்கிளில் எல்லோரையும் முந்தித்தான் பள்ளிக்கூடம் போனேன். அப்படி முந்தியதைப் பார்த்துத்தான் மாவட்டப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், ஆடி மாதம், மாநில அணிக்குத் தேர்வுப் பந்தயம் எங்கள் பக்கமே நடந்தது. திண்டுக்கல் சாலையில், எங்கள் மண் சாலை பிரியும் ஊர் விலக்கைத் தாண்டி, வாடிப்பட்டிக்கு அப்பால் போய்த் திரும்ப வேண்டும். முதல் மூன்று பேருக்கு அணியில் இடம். அணியில் இருந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வழி உண்டு. எனக்கு வேண்டியது அந்த வேலைதான். கோப்பையை வைக்க எங்கள் வீட்டில் இடமும் கிடையாது.

ஆடியில் மேற்கே போவது என்றால் முகத்தில் அறைகிற காற்று. போகும் தூரம் முழுவதும் நானே முன்னால் போனேன். ஊர் விலக்கில் அப்பா துண்டைச் சுழற்றிக் கத்துவது கேட்டது. திரும்பி வரும்போது என் தொடைகளில் ஒன்றும் மிச்சமில்லை. என் பின்னாலேயே வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். நான் ஐந்தாவது. மூன்றாவதாக வந்தது என் தோழி.

சாயங்காலம் ஊருக்குப் போனால் தெருவே வாசலில் நின்றது. நான் முதலில் போனதை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போன அப்பா, மகள் ஜெயித்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

“அஞ்சாவதுப்பா.”

“நான் கண்ணால பாத்தேனே, நீதானே முன்னாடி போன?”

“முன்னாடி போனதாலதான் தோத்தேன்.”

அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கில், மேற்கொண்டு விளக்க எனக்கு மனம் வரவில்லை.

தோழிக்கு அணியில் இடம் கிடைத்தது. பயிற்சி முகாமுக்கு அவள் போகவில்லை, வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள். பரமக்குடியில் மாப்பிள்ளை. கல்யாணத்தன்று பட்டும் நகையுமாக இருந்தவள் என் காதருகே குனிந்து, “இனிமே எம்புட்டு நாளைக்கு ஒன் முதுகையே பாக்குறது? அதான் போறேன்” என்றாள். நான் சிரித்தேன். என் காற்றில் அவள் பெற்ற இடம் யாருக்கும் உதவாமல் போனதை நினைத்து, சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

பிறகு ஒரு வருஷம் தனியாக ஓட்டினேன். பேச ஆள் இல்லாமல் இருப்பதைவிடப் பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது. மேலக்கால் தாண்டியதும் சில நாள் திரும்பிப் பார்த்துவிடுவேன். தென்னந்தோப்பும் வெறும் சாலையும் இருக்கும். கோச்சடை டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு காபி போட்டுவிட்டு ஒருநாள் திகைத்து நின்றார். மறுநாளிலிருந்து நான் அங்கே நிற்பதை விட்டுவிட்டேன். விடுதியில் என் அறைத்தோழிகள் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் சினிமாவுக்கும் சேர்ந்து போவார்கள். விடியலில் கிளம்பி வியர்வையோடு திரும்புகிறவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

கல்லூரியில் கடைசி ஆண்டு நெருங்கியது. படிப்பு முடிந்தால் விடுதி இல்லை. எனக்கு ஓட்டத் தந்திருந்த, மாவட்டத்துக்கென்று இருந்த ஒரே ரேஸ் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் மாமா மகன் காத்திருந்தான். எனக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுப் பந்தயம்தான் இருந்தது.

பின்னால் போகக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆனால் யாருக்குப் பின்னால் போவது? சோழவந்தான் பக்கம் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பிடித்தேன். டிரெய்லரின் பின்பலகைக்குப் பக்கத்தில் முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு போவேன். முதல் நாள் உடம்பு கூசியது. கரும்பின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“ஏ பாப்பா, கரும்புக்குத்தானே இம்புட்டுத் தூரம் வார? இந்தா புடி!”

“விடுறா மாப்ள, பாப்பா டிராக்டர தள்ளிவிடுது. டீசல் மிச்சம்!”

அவர்கள் சிரிக்கச் சிரிக்கப் பலகையிலேயே கண் வைத்துப் பழகினேன். காற்று இல்லாத அந்தச் சிறு இடத்தில் மிதிப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் என் கால்களுக்குத் தெரிந்தது. தோழி அத்தனை நாள் எங்கே உட்கார்ந்து வந்தாள் என்பதும் தெரிந்தது.

மறுபடியும் ஆடி. அதே சாலை. சென்னையிலிருந்து மூன்று பேர் ஒரே நிறச் சட்டையில் வந்திருந்தார்கள். ஒருத்தி காற்று வாங்கிக் களைத்ததும் ஒதுங்குவாள், அடுத்தவள் முன்னால் வருவாள். அவர்களுக்கு ஆள் இருந்தது. நான் மூன்றாமவளின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏய் மதுரை, ஓசியிலயே வர்றியா? முன்னாடி வந்து இழு!”

“மூச்சு முட்டுதுக்கா” என்று வாயைத் திறந்து காட்டினேன். முட்டவில்லை.

ஊர் விலக்கு வந்தது. அப்பா நின்ற இடம் எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன்.

“தாயி! முன்னாடி போ! என்னத்துக்குப் பின்னாடி போற? முன்னாடி போ!”

அவர் சாலையோரமாகக் கொஞ்ச தூரம் ஓடிவந்தார். செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. என் கண்ணுக்கு நேரே முன்னால் போகிறவளின் முதுகு இருந்தது. அதில் வியர்வை வரைபடம்போல் பரவிக்கொண்டிருந்தது. முன்னால் போகச் சொல்லி என் உடம்பு முழுவதும் துடித்தது. நான் போகவில்லை.

வாடிப்பட்டிக்கு அப்பால் திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்தது. இனி ஒளிந்துகொள்ள யார் முதுகும் வேண்டாம். கடைசி நேரத்தில்தான் எல்லோரும் பாய்வார்கள் என்று அந்த மூவரும் நிதானமாக இருந்தார்கள். நான் அதற்கு வெகு முன்பே, எங்கள் ஊர் விலக்கிலேயே விலகி மிதித்தேன். அப்பா அங்கே இல்லை, வெறும் சாலைதான். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் அவர்களில் ஒருத்தி மட்டும் என்னைப் பிடித்துத் தாண்டினாள். நான் இரண்டாவது.

கைகொடுத்தார்கள், தண்ணீர் தந்தார்கள். அந்த மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். நான் சைக்கிள் மேல் சாய்ந்து நின்றேன்.

வீட்டில் அப்பா யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“ரெண்டாவதுப்பா. எடம் கெடச்சிருச்சு.”

“பின்னாடிதானே போன?”

“ஆமா.”

“அம்புட்டுத் தூரமும்?”

“போறப்ப மட்டும்.”

“பின்னாடி போனா ரயில்ல வேல குடுப்பாங்களா?”

“குடுப்பாங்கப்பா.”

நம்பியதாகத் தெரியவில்லை.

முகாமுக்குக் கிளம்பிய காலையிலும் காற்று ஓயவில்லை. வாடிப்பட்டி போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். பையை முதுகில் மாட்டிக்கொண்டு என் பழைய பள்ளிச் சைக்கிளில் நானும், தன் சைக்கிளில் அப்பாவுமாகக் கிளம்பினோம். இரண்டையும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவது அவர் பாடு. சாவடி வளைவில் அவர் கால் இறங்கியது. நான் இறங்கவில்லை. மெயின் ரோட்டில் போய்க் காத்திருந்தேன். உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர் ஏறி மேற்கே திரும்பியதும் காற்று அவரை நிறுத்தியே விட்டது.

“நீ போயிரு தாயி, பஸ்ஸு போயிரும். நான் மெல்ல வாரேன்.”

“என் பின்சக்கரத்த ஒட்டி வாங்கப்பா. இன்னும் கிட்ட. ஒரு சாண் விடுங்க, போதும்.”

தயங்கினார். பிறகு அவருடைய செயின் கவரின் கடகடப்பு எனக்கு மிகப் பக்கத்தில் கேட்டது. ஒரு வருஷமாக என் பின்னால் யாரும் வந்ததில்லை.

“ஏ தாயி,” என்றார். குரலில் ஒரு வியப்பு. “இங்கன காத்தே அடிக்கலையே!”

திரும்பிப் பார்த்தால் சக்கரங்கள் உரசிவிடும். நான் தலையைக் குனிந்து காற்றுக்குள் மிதித்தேன்.