ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கடை

இலங்கையில் போர் முடியப்போகிறது என்று எல்லோரும் சொன்ன மே மாதம், அக்கா தனியாக இருக்கிறாளே என்று ஒஸ்லோவிலிருந்து ரொறன்ரோ போனேன். எங்கள் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான்.

சனி மாலை ஐந்து மணிக்கு இறங்கினேன். அக்கா இருக்கும் ஸ்காபரோவுக்கு டாக்சி ஐம்பத்தைந்து டொலர், நாற்பது நிமிடம். நோர்வேயில் ஞாயிறு என்றால் கடைகள் பூட்டு. சனிக்கிழமையே பால், பாண் வாங்காதவன் பக்கத்து வீட்டில் கேட்கவேண்டியதுதான். பதினெட்டு வருடப் பழக்கம், ஓட்டுநரை அவசரப்படுத்தினேன்.

"அண்ணை, கடை பூட்ட முதல் போகவேணும்."

"இங்கை ஞாயிறும் கடை திறப்பினம், தம்பி," என்று சிரித்தார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியவே அக்கா போரை நிறுத்தக் கேட்கும் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டாள். காலை எட்டேகாலுக்கு, அவள் வைத்திருந்த, வெளிநாட்டுக்குப் பேசக் காசு கொடுத்து வாங்கும் போன் காட்டில் வவுனியாவிலுள்ள சித்தியின் மகளுக்கு எடுத்தேன்.

"அண்ணை, சின்னண்ணையின்ரை பேர் லிஸ்ற்றிலை கிடக்கு, ஆனா..."

சின்னண்ணை என்றால் எங்கள் தம்பி. காட்டில் காசு முடிந்து தொடர்பு அறுந்துவிட்டது. என்ன லிஸ்ற், என்ன ஆனா? எனது நோர்வேக் கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யவில்லை. காட் வாங்க எங்கே போவது? ஞாயிறல்லவா! கதிரையில் இருந்தேன், எழும்பினேன், மறுபடி இருந்தேன். யன்னல் வழியாக எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. இப்போது யோசித்தாலும் ஏனென்று விளங்கவில்லை.

ஒரு மணிக்கு அக்கா வந்தாள்.

"உனக்கென்ன விசரே? கீழை கடை ஏழு மணிக்கே திறந்திட்டினம்!"

ஓடிப்போய் ஐந்து டொலருக்குக் காட் வாங்கினோம். சித்தியின் மகள் உடனே எடுத்தாள்.

"வவுனியா முகாம் லிஸ்ற்றிலை இருந்த சின்னண்ணையை வேறை முகாமுக்கு ஏத்திக்கொண்டு போட்டினம். எங்கை எண்டு தெரியேல்லை. ஏழு மணி மட்டும் பஸ் முகாம் வாசலிலைதான் நிண்டது. போனோடை பக்கத்திலை நிண்டனான், நீங்கள் எடுத்தா அவரிட்டைக் குடுக்கலாம் எண்டு."

அங்கே இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. கீழே கடை திறந்து இரண்டரை மணி நேரமாகியிருந்தது.

கனடா போகிறவர்களுக்கு: ஞாயிறும் கடை உண்டு. காட் இரண்டாக வாங்கி வையுங்கள். தெரியாவிட்டால் வெளியே இறங்கிப் பாருங்கள்.

மூன்று மாதமாகிறது, தம்பி எந்த முகாமில் என்று இன்னும் தெரியாது. ஒஸ்லோவில் ஞாயிறு தோறும் எங்கள் தெருக் கடைக்குப் போகிறேன். பூட்டுத்தான் என்று தெரியும். ஆனாலும் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.