பின் கழற்றிய கதைகள்

நான் எந்த நாவலையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. நடுவில் எங்காவது திறந்து, அங்கிருந்து கடைசிவரை போய், பிடித்திருந்தால் மட்டும் தொடக்கத்துக்குத் திரும்பி வருவேன். மட்டாஞ்சேரிக்கும் வெலிங்டன் தீவுக்கும் நடுவே ஓடும் படகில் என்னோடு வரும் அலுவலகத் தோழிக்கு இது ஆகாது. "நீ புஸ்தகம் வாசிக்கிறியா, ஆக்ரி பொறுக்குறியா?" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்கிறாள். என் அப்பா உண்மையிலேயே ஆக்ரிக்காரர், பழைய பேப்பரும் இரும்பும் வீடு வீடாக வாங்கி வண்டியில் தள்ளிக்கொண்டு போனவர் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. வெட்கம் ஒன்றுமில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்பாள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாலை நேரத்தில் எனக்குத் தெம்பு இருப்பதில்லை.

வாசிப்பும் இப்போது அந்தத் தெம்பைப் பொறுத்ததாகிவிட்டது. பகல் முழுக்கக் கப்பல் சரக்குக் கணக்கைத் திரையில் பார்த்த கண்ணுக்கு நாலு பக்கம் தாண்டுவதே பெரிய காரியம். புத்தகம் மடியில் கிடக்கும். படகு கரையில் முட்டும்போதுதான் விழிப்பு வரும். இருந்தும் இந்த மழைக்காலத்தில் மூன்று நாவல்கள் அகப்பட்டன. ஒன்று மெல்லிய மலையாள நாவல். கோர்ட்டுக்கு எதிரே நகல் எடுக்கும் கடை நடத்தும் அக்காவும் தங்கையும் ஊரார் வழக்கையெல்லாம் படித்துவிட்டுத் தங்கள் வழக்கை மட்டும் பேசாமலே இருக்கிறார்கள். இன்னொன்று தமிழ். லாரி புரோக்கர் வீட்டு மருமகளின் கதை. நடுப்பகுதி அருமை, தொடக்கத்துக்குத் திரும்பியபோதுதான் ஆசிரியர் தன் ஊர்ப்பெருமையை அங்கே குவித்து வைத்திருப்பது தெரிந்தது. அப்படியே மூடிவிட்டேன். என் முறையில் இது ஒரு லாபம்.

மூன்றாவது, குளிர்நாடு ஒன்றிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. தீவுக்குத் தீவு ஆள் ஏற்றும் படகில் டிக்கெட் கிழிக்கும் ஒரு பெண், வீட்டை விட்டு வந்து ஒரு விடுதி அறையில் தங்குகிறாள். கட்டிலுக்கு அடியில் அவளுடைய பெட்டி இருக்கிறது. பிரிக்கவே இல்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். இந்தப் பெட்டியை எனக்கு முன்பே தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரும் கேட்காமலே இதைச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அப்பாவும் அம்மாவும் கம்பம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அம்மா பகலில் ஒரு கிடங்கில் சுக்குப் பொறுக்கப் போவார். அப்பா சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, பகலில் சேர்ந்ததைத் தரம் பிரிப்பார். செய்தித்தாள் ஒரு பக்கம், அட்டைப்பெட்டி ஒரு பக்கம், வாரிகைகள் ஒரு பக்கம். வாரிகை என்றால் மலையாள வார இதழ்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து தொடர்கதை ஓடும். மொத்த வியாபாரிக்குப் பின் குத்திய தாள் ஆகாது. ஆகவே அப்பா முதலில் வழவழப்பான அட்டையைக் கிழித்து ஒதுக்குவார். பிறகு நடுவிலிருக்கும் பின்னைக் கழற்றுவார். வாரிகை உதிரித் தாள்களாக விழும். காலையில் கட்டுப்போடும்வரை அவை என்னுடையவை.

மலையாளப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த கதைகளெல்லாம் தலையும் காலும் இல்லாதவை. ஒரு தாளில் கல்யாணம் நடக்கும்; அடுத்த வாரம் வேறு யார் வீட்டுத் தாளிலோ அதே பெண் சின்னக் குழந்தையாக இருப்பாள். நான்தான் ஒட்டுப்போடுவேன். உலகத்தில் எல்லோரும் கதையை இப்படித்தான் வாசிக்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. கையில் ஒரு பை, ஒரு தகரப்பெட்டி. "எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கா" என்றார் அம்மா. ஒத்தாசைக்கு வந்தவள் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கமாட்டாள். தலையைக்கூட ஒற்றைக் கையால்தான் வாரினாள். ஏன் என்று கேட்டேன். "பஸ்ல ஒருக்களிச்சுத் தூங்கினதுல சுளுக்கு" என்றார் அம்மா. மழை முடியும்வரை நீடித்த அந்தச் சுளுக்கை நான் சந்தேகப்படவில்லை.

சித்திக்கு மலையாளம் தெரியாது. அப்பா பின் கழற்ற, அம்மா சோறு வடிக்க, நான் தாளைப் பார்த்து மலையாளத்தைத் தமிழாக்கிச் சொல்வேன். சித்தி சுவரில் சாய்ந்து கேட்பாள். எனக்கு அது பெரிய பதவி. நடுவில் யாராவது பேசினால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

"டீச்சரம்மா கோவிச்சுக்கிட்டாங்க. எல்லாரும் வாயைப் பொத்துங்க" என்பாள் சித்தி.

கதையிலும் ஒரு டீச்சர்தான். மலையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்துவாள். புருஷன் வளைகுடாவில். இன்னும் சில தாள்களில் அவள் நகரத்தில், பெண்கள் ஹாஸ்டலில், புருஷன் வீட்டை விட்டு வந்து தங்கியிருப்பாள். மலையில் அவளுக்கு ஒரு பெயர், ஹாஸ்டலில் வேறு பெயர். அது என்னைக் குழப்பவில்லை. எனக்கே வீட்டில் ஒரு பெயர். பள்ளியில் சேர்த்த அன்று அந்தப் பெயர் தலைமையாசிரியர் வாயில் நுழையாமல், அவரே எழுதிக்கொண்ட பெயர் இன்னொன்று. படித்தவர்களுக்கு இரண்டு பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

"வெளிநாட்டுல இருக்கவன் எப்படிடி ஹாஸ்டல் வாசல்ல வந்து நிக்கிறான்?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"லீவுல வந்திருப்பான்" என்றேன்.

"அதுசரி. வந்தவன் ஒரு சென்ட் பாட்டில்கூடக் கொண்டுவரல" என்றாள் சித்தி. அப்பாகூடச் சிரித்தார்.

சித்தி திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒரு தாளை. அதை மட்டும் காலைக் கட்டோடு சேர்க்காமல் எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுமே நடக்காது. டீச்சர் ஹாஸ்டல் அறைக்குள் வருவாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். பால் இல்லாத சாயா குடிப்பாள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது என்று ஒரு வரி வரும். அதைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். அந்த வரியில் சித்தி "ம்" என்பாள். எனக்கு அலுப்பாக இருக்கும். மலையில் ஜீப் கவிழ்கிற தாளெல்லாம் கையில் இருக்கும்போது இவளுக்கு ஏன் இந்தத் தாழ்ப்பாள் என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். சித்தியைக் கூட்டிப்போக. கம்பத்துத் திராட்சை ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். மெதுவாகப் பேசினார். என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு, என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. சித்தி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா உள்ளே போய் அடங்கின குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"போய்த்தான்டி ஆகணும். எத்தனை நாளைக்கு இப்படி? ஊர் என்ன பேசும்?"

"பாப்பா ஒரு கதை சொல்லிக்கிட்டிருக்கால்ல. அது முடியட்டும்க்கா."

அம்மாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. வெளியே வந்து அதையே சொன்னார். சித்தப்பாவும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பதில் என்பது அவருக்கு உறைத்தது.

"கதையா? என்ன கதை?"

நான் முன்னால் போய் நின்று டீச்சரின் கதையை மலையும் ஹாஸ்டலுமாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எப்ப முடியும்?" என்றார். அது எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு யார் வீட்டில் பழைய பேப்பர் போடுகிறார்களோ, அதைப் பொறுத்தது. அன்று அவர் தனியாகத்தான் திரும்பினார்.

அடுத்த முறை வந்தபோது திராட்சை இல்லை. கலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவுடன் பேப்பர் கடையில் விசாரித்திருக்கிறார். டீச்சர் கதை எதில் வருகிறது என்று கேட்க, கடைக்காரர் அது இந்த வாரத்தோடு முடிகிறது என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாராம். புத்தம்புது வாரிகை. அட்டை இருந்தது, பின் இருந்தது, மை வாசனை இருந்தது. அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. கை பட்டு அழுக்காகுமோ என்று பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"வாசி பாப்பா. முடிவு வந்திருக்கு" என்றார் சித்தப்பா.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சித்தி அடுக்களை வாசலில் நின்றாள். அப்பா மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. நான் உரக்கச் சொன்னேன். வளைகுடாவிலிருந்து புருஷன் வந்துவிட்டான். மலைப்பாதையில் ஜீப். டீச்சரின் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில். அவன் பெட்டிகளை இறக்குகிறான், டீச்சர் அழுகிறாள், தேயிலைத் தோட்டத்தில் வெயில் அடிக்கிறது. கீழே தடித்த எழுத்தில், முற்றும். என் ஆயுளில் ஒரு கதையின் முடிவை நான் பார்த்தது அன்றுதான். மார்பு விம்மியது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அப்புறம் என்ன. முடிஞ்சிருச்சுல்ல."

"கெளம்பு" என்றார் சித்தப்பா, மெதுவாகத்தான்.

சித்தி நகரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஹாஸ்டல்ல பெட்டி வச்சிருந்தாளே, அது என்னாச்சு?"

தாளைப் புரட்டினேன். பெட்டி இல்லை. ஹாஸ்டலே இல்லை.

"எடுத்துக்கிட்டு வந்திருப்பா" என்றேன்.

"இவளுக்கு அம்மா இருக்காங்க. ஆரத்தி எடுக்கறாங்க. ஹாஸ்டல்காரிக்கு அம்மா செத்துப்போனதா நீதானே வாசிச்சே? அம்மா இருந்திருந்தா அங்க போயிருப்பேன்னு அவ அழுதாளே." சித்தியின் குரல் உயரவில்லை. "இது வேற டீச்சர் பாப்பா. ரெண்டு கதை. மலையில இருந்தவ கதை முடிஞ்சிருச்சு. நல்லா இருக்கட்டும். ஹாஸ்டல்ல இருக்கவ இன்னும் அங்கதான் இருக்கா."

எனக்கு முகம் எரிந்தது. வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான். அதுவும் விருந்தாளிக்கு முன்னால். "இல்ல சித்தி. ரெண்டு பேரும் ஒருத்திதான். ஒண்ணு வீட்டுப் பேரு, ஒண்ணு ஸ்கூல் பேரு" என்று கத்தினேன்.

"பாப்பாதான் சொல்லுதுல்ல. படிச்ச புள்ள" என்றார் சித்தப்பா. எழுந்து போய்ச் சித்தியின் இடது கையைப் பிடித்தார். அவள் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

அப்பா கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. உயரமானவரும் இல்லை. சித்தப்பாவின் கை விலகும்வரை அப்படியே நின்றார்.

"அந்தக் கதை முடியட்டும் சகலை. முடிஞ்சா நானே சொல்லியனுப்பறேன்" என்றார்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். புது வாரிகையை அங்கேயே விட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார். பிறகு வரவில்லை.

ஹாஸ்டல் டீச்சரின் முடிவு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. சித்தி கொஞ்சகாலம் அம்மாவோடு சுக்குப் பொறுக்கினாள். பிறகு ஹோட்டல் ஒன்றில் காய் நறுக்கப் போனாள், இப்போதும் போகிறாள். பள்ளுருத்தியில் ஒற்றை அறை, மழைக்கு ஒழுகும், உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால், நடுவிலிருந்து வாசித்த நாவலை நடுவிலிருந்தே சொல்வேன். இருவருக்கும் வாரத்தின் அசதி. பாதியில் சித்தி தூங்கிவிடுவாள், சில சமயம் நான். போன வாரம் அந்தப் படகுக்காரியின் பெட்டிவரைக்கும் சொன்னேன். "பிரிக்கலையா இன்னும்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் சொல்லவந்தது அந்தச் சாயங்காலத்தை. சித்தப்பா போனதும் நான் தாள் கட்டுகளுக்கு நடுவே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். போகவில்லை. எத்தனையோ வாரமாக ஒட்டி வைத்த கதையை ஒரே கேள்வியில் பிரித்துப்போட்டவள் மேல் தாங்கமுடியாத ஆத்திரம். அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எடுத்து வைத்திருந்த அந்தத் தாளை நீட்டினாள்.

"வாசிங்க டீச்சரம்மா."

"மாட்டேன். அதுல ஒண்ணுமே நடக்காது."

"ஆமா. ஒண்ணுமே நடக்காது" என்றாள் சித்தி.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, தாளை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் தோற்றுப்போனதற்காகத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.