தம்பி போன மூவ்மென்ற்

போன செவ்வாய்க்கிழமை தபாலில் தடித்த கவர் ஒன்று வந்தது. என் லோயர் அனுப்பியது. உள்ளே நாற்பத்திரண்டு பக்கம். இமிகிரேசன் அதிகாரி முன்னால் நான் சத்தியம் பண்ணிச் சொன்னதெல்லாம் சுத்தமாக டைப் அடிக்கப்பட்டு வந்திருக்கிறது. வாசித்து, பிழை இருந்தால் திருத்தி, பத்து நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். என்னை இந்த நாட்டில் இருக்க விடுவதா, பிளேனில் ஏற்றுவதா என்பதை இந்த நாற்பத்திரண்டு பக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சும்மா வாசிக்க முடியுமா? தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, சிவப்புப் பேனையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் கணக்கு ரீச்சராக இருந்தவள் நான். கையில் சிவப்புப் பேனை இல்லாமல் எனக்கு எதையும் வாசிக்க வராது.

பதினேழாம் பக்கம் வந்தது. அதில் இப்படி ஒரு வசனம்: 'மனுதாரரின் தம்பி ஒரு மூவ்மென்றுக்காக வெளியே போனார். மூன்று வருடமாகியும் திரும்பவில்லை.'

தேத்தண்ணி மூக்கால் வந்தது.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். விடிந்தவுடன் என் முதல் வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு கிழவர் கிழவியின் பெயருக்கு நேரேயும் இன்று 'மூவ்மென்ற்' போனாரா, அதாவது வயிறு கழிந்ததா, இல்லையா என்று எழுதுவதுதான். இரண்டு நாள் போகாவிட்டால் நர்சுக்குச் சொல்ல வேண்டும். போய் மூன்று வருடமாகியும் திரும்பாத கேஸ் ஒன்று என் குடும்பத்திலேயே இருப்பதாக இப்போது டைப் அடித்தே வந்துவிட்டது.

இனி விஷயத்தைச் சொல்கிறேன். என் தம்பி பாபு எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. எண்பத்து நாலாம் ஆண்டு, பதினெட்டு வயதில், இயக்கத்தில் சேரப் போனான். அவனைத் தேடி ஆமி மூன்று தரம் வீட்டுக்கு வந்தது. நாலாம் தரம் வருவதற்குள் அம்மா அப்பாவின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு நான் இங்கே வந்து சேர்ந்தேன். இதுதான் என் கேஸ். ஆகவே தம்பி ஏன் போனான் என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும் என்று லோயர் முதலிலேயே சொல்லிவிட்டார். (லோயருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.)

நல்ல காரணம்! அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் காரணத்துக்குப் பஞ்சமா? அம்மாவின் கடிதத்தைத் திறந்தால், அன்றைக்கு மீன்தலையை அவனுக்கு வைக்காமல் சித்தப்பாவுக்கு வைத்ததால் போனானாம். அப்பாவைக் கேட்டால், சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித் தான் ஏமாற்றியதால். சித்தப்பா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. "என்ரை பேச்சைக் கேட்டுத்தான் பெடியனுக்கு உணர்ச்சி வந்தது" என்று ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ஆமி முதல் தரம் வீட்டுக்கு வந்துபோன பிறகு, "நான் படியடா எண்டுதான் சொன்னனான்" என்று மாற்றிக்கொண்டார்.

என் காரணம்? அவன் போனதற்கு முதல் நாள் அவனுக்குத் திரிகோண கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சைன் எது, கோசைன் எது என்று ஐந்தாம் தரமும் மாறிச் சொன்னான். கன்னத்தில் ஒரு அறை விட்டேன். "நீ ஒண்டுக்கும் உதவமாட்டாய்" என்றும் சொன்னேன். அடுத்த நாள் ஆள் இல்லை. கொப்பி மட்டும் மேசையில் விரித்தபடி கிடந்தது. இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. நினைக்கும்போதெல்லாம் உள்ளங்கை எரியும்.

இதையா லோயருக்குச் சொல்வது? அவரே ஒரு காரணம் எழுதித் தந்தார் — 'தன் மக்களின் விடுதலைக்காக.' சின்ன வசனம்தான். பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள் சொல்லிப் பாடமாக்கினேன். பக்கத்தில் இருந்த சீனத்துப் பெண் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்துத் தள்ளி இருந்து இடம் விட்டாள்.

விசாரணைக்கு முதல் நாள். முதியோர் இல்லத்தில் மிஸிஸ் டொப்சனின் படுக்கையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். தொண்ணூறை எட்டிப் பிடிக்கப் போகிறவர். தலைமாட்டில் சுவரில் ஒரு பழைய படம். சீருடையும் துப்பாக்கியும் தாடியுமாக அவருடைய தாத்தா. அஜக்ஸ் பக்கத்தில் பண்ணை வைத்திருந்த குடும்பமாம். அந்த நாளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது எல்லை தாண்டிப் போய்ச் சண்டை பிடித்தவராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸிஸ் டொப்சனின் மகன் வருவார். வந்தால் படத்தைக் காட்டி, அடிமைகளை விடுதலை செய்யப் போனவர் என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லாமல் போகமாட்டார்.

அன்றைக்கு எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. காரணம் என்றால் அது காரணம்! "உங்கள் தாத்தா பெரிய மனிசன்" என்றேன். நாளைக்கு என் தம்பியைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

கிழவி வாசல் பக்கம் பார்த்தார். மகன் இல்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"பன்றி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"பன்றிப் பட்டியின் கேட்டைப் பூட்ட மறந்துவிட்டார். பன்றிகள் போய்ப் பக்கத்துப் பண்ணைச் சோளத்தைத் தின்றுவிட்டன. அப்பா அடிப்பார் என்ற பயத்தில் ஓடியவர் எல்லை தாண்டும் வரை நிற்கவில்லை. அங்கே பட்டாளத்தில் சாப்பாடு போட்டார்கள், சேர்ந்துவிட்டார். என்னை மடியில் வைத்துக்கொண்டு அவரே சொன்னது. அடிமைகளைப் பற்றி அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டாராம். என் மகனுக்குச் சொல்லிவிடாதே!"

இரண்டு வருடம் நன்றாகத்தான் சண்டை பிடித்திருக்கிறார் மனிசன். ஒரு விரலையும் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பாவுக்குப் பன்றி விஷயம் மறந்தே போய்விட்டதாம்.

அடுத்த நாள் விசாரணை. லோயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் — இங்கிலிஷ் தெரிந்தாலும் தமிழில்தான் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளர் பேசும்போது குறுக்கே போகக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் மதராஸ்காரர். தங்கமான மனிதர். டை கட்டி, நெற்றியில் கீற்றாய்த் திருநீறு. பாவம், யாழ்ப்பாணத் தமிழ்தான் அவருக்கு முன்பின் பழக்கமில்லை.

அதிகாரி தம்பியைப் பற்றிக் கேட்டார்.

"என்ரை தம்பி இயக்கத்துக்கு வெளிக்கிட்டவன்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைச் சங்கடமாகப் பார்த்தார். "வெளிக்கா போனாரும்மா?"

"ஓம். வெளிக்கிட்டுப் போட்டான்."

நமக்கு வெளிக்கிடுவது என்றால் உடுத்துப் புறப்படுவது. அவருடைய ஊரில் வெளிக்குப் போவது என்றால் செம்பு எடுத்துக்கொண்டு போவதாமே! எனக்கு எப்படித் தெரியும்? அவர் தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்தி, "ஹெர் பிரதர் வென்ற் அவுட்... ஃபோர் எ மூவ்மென்ற், சேர்" என்றார்.

அதிகாரியின் பேனை நின்றது. எப்போது போனார் என்று கேட்டார். மூன்று வருடம் என்றேன். இன்னும் வரவில்லையா? இல்லை. அதிகாரி மெதுவாக, கவலையோடு, அவருக்கு வயிற்றில் ஏதாவது வருத்தமா என்று கேட்டார்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. குறுக்கே போகவும் கூடாது, இங்கிலிஷ் பேசவும் கூடாது. பதறிப்போய் மொழிபெயர்ப்பாளரிடம், "ஐயா, அந்த இயக்கம் இல்லை! எங்கட ஊரிலை ஐஞ்சாறு பெரிய இயக்கம் இருக்கு, சின்னன் கனக்க இருக்கு" என்றேன்.

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

ஐந்தாறு பெரிய மூவ்மென்ற்... சின்னது நிறைய! அதிகாரி கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். எங்கள் ஆட்களின் கேஸ் பல பார்த்த லோயர்தான் கடைசியில் இருமிக்கொண்டே எழுந்து, ஆயுதம் ஏந்திய இயக்கம் என்று விளக்கினார். அதிகாரியின் முகம் சிவந்தது. மொழிபெயர்ப்பாளர் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் குழப்பத்திலேயே அடுத்த கேள்வி வந்தது. "உங்கள் தம்பி ஏன் போனார்?"

தன் மக்களின்... பஸ்ஸில் பாடமாக்கிய வசனம் வாய்வரை வந்தது. சத்தியம் பண்ணியிருக்கிறேனே! சுவரில் தொங்கிய தாடிக்காரரும் பன்றிகளும் கண் முன்னே வந்தார்கள். "நான் அடிச்சதாலை" என்றேன். சைன், கோசைன், கன்னம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. லோயர் தலையில் கைவைத்தார்.

அதிகாரி சலிக்காமல் கேட்டார். "திரிகோண கணிதத்துக்காகவா ஒருவர் துப்பாக்கி தூக்கினார்? அந்த வாரம் வேறு ஏதும் நடந்ததா?"

"விசேசமா ஒண்டும் இல்லை."

"அடித்தது என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் ஏன் படித்தார்?"

"பள்ளிக்கூடம் பூட்டு. அதுக்குள்ளை ஆமி இருந்தது."

"ஏன்?"

"செவ்வாய்க்கிழமை எங்கட ஒழுங்கைக்குள்ளை வந்து பெடியள் எல்லாரையும் லொறியிலை ஏத்தினவங்கள். தம்பி கிணத்துக்குள்ளை இறங்கி நிண்டதாலை தப்பினவன். மூண்டு பேர் இன்னும் வரேல்லை."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "இதை ஏன் நீங்கள் முதலில் சொல்லவில்லை?"

"அது எல்லாற்ற வீட்டிலையும் நடந்ததுதானே ஐயா... நீங்கள் கேட்டது எங்கட வீட்டுக் காரணம்."

மொழிபெயர்ப்பாளர் இதை மட்டும் மிக மெதுவாகச் சொன்னார். ஒரு சொல்கூடப் பிழைக்கவில்லை.

இதெல்லாம் நாற்பத்திரண்டு பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பதினேழாம் பக்கத்து மூவ்மென்றைச் சிவப்புப் பேனையால் திருத்தினேன். மிச்சம் சரிதான் என்று கையெழுத்துப் போட இருந்தேன். சனிக்கிழமை வரை.

சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கப் போனேன். மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்றின் கீழ்த்தளத்தில் இருக்கிற லோண்டரி அறைக்கு. அங்கே ஒரு பெடியன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். "ரீச்சரக்கா... என்னைத் தெரியேல்லையா?"

நந்தன்! எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்தவன். பாபு போன அன்றைக்கே இவனும் காணாமல் போனவன். மூச்சிழுப்பு வருத்தம் என்று இயக்கத்திலிருந்து ஒரு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இங்கே வந்து ஆறு மாதம், ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிறான். பாபு சுகமாக இருக்கிறானாம், போன மாதம் ஆள்மூலம் செய்தி வந்ததாம். அதைக் கேட்டதும் நான் சோப்பு டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "நந்தன், உண்மையைச் சொல்லு. நான் அடிச்சதாலைதானே அவன் போனவன்?"

அவன் விழித்தான். "எப்ப அடிச்சனீங்கள்?"

"கணக்குக்கு. போனதுக்கு முதல் நாள்."

"அவன் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே அக்கா. ரீச்சரக்காட்டை கணக்குப் படிச்சனான் எண்டு அங்கை பெருமையாத்தான் சொல்லித் திரிஞ்சவன். அவன் வந்தது என்னாலை. நான் போறன் எண்டதும், தனியப் போகாதை, துணைக்கு நானும் வாறன் எண்டவன்."

"அப்ப நீ ஏன் போனனீ?"

"அவன் வாறன் எண்டானே... அதாலை."

"முதல் ஆரடா சொன்னது?"

நந்தன் தலையைச் சொறிந்தான். உடுப்பு காய்கிற மெசின் சுற்றி முடித்து நின்றும்விட்டது. "தெரியேல்லை அக்கா" என்றான்.

லொறியில் ஏற்றிப்போய்த் திரும்பி வராத மூன்று பேரில் ஒருவன் நந்தனின் சொந்த அண்ணன். அதை அவனும் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருமாக உடுப்பை மடித்தோம்.

மேலே வந்து சிவப்புப் பேனையை எடுத்தேன். சத்தியக் கடதாசியில் இல்லாதது இருக்கக்கூடாதே! திரிகோண கணிதத்தை ஒரே கோட்டால் வெட்டினேன். நெஞ்சு லேசாகிவிட்டது, பொய் சொல்லக்கூடாது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போதுதான் கோபம் வந்தது. மூன்று வருடம்! மூன்று வருடமாக நான் நித்திரை இல்லாமல் சுமந்த அறை — அதை வாங்கினவனுக்கு ஞாபகம்கூட இல்லையாம்!

ஆள் பத்திரமாக வந்து சேரட்டும்... மறக்காதபடி இன்னொன்று வைத்திருக்கிறேன்.