நாலாவது தேசிக்காய்

முன் சில்லுகளுக்கு இரண்டு, பின் சில்லுகளுக்கு இரண்டு. நாலு தேசிக்காய்களையும் வைத்துவிட்டு லொறியில் ஏறி, கண்ணாடியை முழுக்க இறக்கி, றேடியோவை நிற்பாட்டி, காதைத் தீட்டிக்கொண்டுதான் செல்வரட்ணம் பிறேக்கை விடுவார். சதக், சதக், சதக், சதக். நாலும் கேட்க வேண்டும். பிறகு இறங்கி, போத்தல் தண்ணீரால் சில்லுகளைக் கழுவி, நசிந்த எலுமிச்சைத் தோல்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டால்தான் ரொறன்ரோ மைதானத்தின் பின்வாசலால் லொறி வெளியே போகும்.

லொறிக்குள் இருப்பது ‘லேக் ஹெரன்ஸ்’ பேஸ்போல் அணியின் முழுச் சீவியம்: மட்டைகள், கையுறைகள், சப்பாத்துகள், சேட்டுகள். அணி ஒன்று, ஊர் இரண்டு. சொந்த மைதான ஆட்டங்களில் பாதி ரொறன்ரோவில், மற்றப் பாதி எல்லைக்கு அங்கால் பஃபலோவில். அங்கே போட ஒரு தொப்பி, இங்கே போட ஒரு தொப்பி. “ரெண்டு பெஞ்சாதிக்காரன் மாதிரி. ரெண்டு வீட்டிலையும் நித்திரை இல்லை” என்பார் செல்வரட்ணம். ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் போவார்கள்; சாமான் இவரோடு போகும். பதினொரு கோடையாக இதுதான் வேலை.

தேசிக்காயைப் பார்த்து அணியில் ஒருவரும் சிரித்ததில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? வென்ற நாளில் போட்ட காலுறையைத் தோற்கும்வரை தோய்க்காத ஆட்களும், மைதானத்துக் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போகிற ஆட்களும்தானே அங்கே இருக்கிறார்கள். பயிற்சியாளரே பஸ்ஸில் ஏறுமுன் எட்டிப் பார்த்து, “லைம்ஸ் ஓகே?” என்று கேட்பார். இவர் பெருவிரலைக் காட்டுவார்.

ஆனால் எல்லைப் பாலத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது; சொல்லாமல் ஒரு பழத்தோல்கூட அங்கால் போகக்கூடாது. எண்பத்தெட்டில், பஃபலோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் மூன்று கிழமை காத்துக் கிடந்துவிட்டு, ஒற்றைப் பையோடு, அகதியாக, அந்தப் பாலத்தால்தான் அவர் கனடாவுக்குள் வந்தார். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னார், விட்டார்கள். “பாலத்தில பொய் சொல்லக்கூடாது. உள்ளதைச் சொன்னால் ஒரு கரைச்சலும் இல்லை.” மனைவி இராஜேஸ்வரி கட்டிக்கொடுக்கிற புட்டைக்கூட விடமாட்டார். “புட்டு, சேர். றைஸ் ஃபிளவர், கோக்கனட்” என்று அதிகாரி கேட்காமலே ஒப்பிப்பார். லொறிக்காரர்களை விரைவுப் பாதையில் விடுகிற அட்டை ஒன்று அவரிடம் இருந்தது. நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுப்பது. அது இல்லாவிட்டால் இந்த வேலையும் இல்லை. அதைச் சேட்டுப் பையில், நெஞ்சோடு வைத்திருப்பார். “என்ர நற்சாட்சிப் பத்திரம்.”

போன ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. பஃபலோவில் ஒரு மணிக்கு ஆட்டம். அதற்கு முன் தொடர்ந்து ஏழு தோல்வி. பெட்டிகள் ஏற்றப் பிந்திவிட்டது. பயிற்சியாளர் போனுக்கு மேல் போன். செல்வரட்ணம் பிறேக்கை விட்டார். சதக், சதக், சதக். போன் மறுபடி அலறியது. நாலாவது? “நசிஞ்சிருக்கும்” என்று தனக்குத்தானே சொன்னார். இறங்கவில்லை, கழுவவில்லை. போய்விட்டார்.

“பழம், மரக்கறி ஏதாவது?” என்று பாலத்தில் கேட்டார் அமெரிக்க அதிகாரி.

“நோ, சேர்.”

அன்றைக்கென்று லொறியை ஓரங்கட்டச் சொன்னார்கள். அதிகாரி ரோச் லைற்றோடு சுற்றி வந்தார். பின்பக்கத்தில் ஒவ்வொரு கரையிலும் இரட்டைச் சில்லு. இரண்டுக்கும் நடுவில் கையை விட்டு எதையோ இழுத்து எடுத்தார். ஐயோ கடவுளே! ஒரு கீறல்கூட இல்லாத முழுத் தேசிக்காய். நூற்றறுபது கிலோமீற்றர், நெடுஞ்சாலை முழுவதும், அது அங்கே இறுகிப்போய் இருந்திருக்கிறது!

செல்வரட்ணம் சேட்டுப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். “ஃபோர் குட் லக், சேர். ஃபோர் லைம்ஸ். அண்டர் த ரயர்.”

அதிகாரி மரியாதையான மனிதர். கோபப்படவில்லை. நாலும் நசிந்ததா என்று உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டது? ஆனால் அந்தப் பாலத்தில் உள்ளதையே சொல்லிப் பழகிய வாய் அல்லவா அது.

“ஐ ஹேர்ட் ஒன்லி த்ரீ, சேர்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். கொடுத்த தாளில் ‘பொய்யான தகவல்’ என்பதற்கு எதிரே ஒரு சரி அடையாளம் இருந்தது. செல்வரட்ணம் அதை மூன்று தரம் வாசித்தார். அட்டையை வாங்கி ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். லொறியை விட ஐந்து மணித்தியாலம் ஆயிற்று.

அணியோ அக்கம்பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரவல் வாங்கிய சேட்டுகளையும் மட்டைகளையும் கொண்டு இறங்கியது. வென்றது! ஒன்பதுக்கு இரண்டு! பயிற்சியாளர் சந்தோசத்தில் போனில் கத்தினார். எல்லைக் காரியாலயத்துப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடி இவர் வீட்டுக்கு எடுத்தார். “வெண்டுட்டாங்களாம்” என்றார். அந்தக் குரலைக் கேட்டு இராஜேஸ்வரி, “ஆர் செத்தது?” என்று கேட்டாராம்.

மூன்று மாதமாகிறது. மேன்முறையீட்டுக்குப் பதில் இல்லை. லொறியை இப்போது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து வருகிற ஹிஷாம் ஓட்டுகிறார். நாற்பது வயதுக்காரர், பொறுமைசாலி. செல்வரட்ணத்துக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை மட்டும்தான். அதுவும் இந்தப் பருவம் முடியும்வரை. நகரத்தின் ரூஜ் பகுதியில் உள்ள செல்வரட்ணத்தின் வீட்டில் தேசிக்காய் வாங்குவதில்லை. “தேசிக்காய்ப் புளி விடாத சொதியை மனிசர் சாப்பிடுவினமோ?” என்கிறார் இராஜேஸ்வரி. இவர் அதையே சாப்பிட்டுவிட்டு எழும்புகிறார்.

சில்லுக்கு அடியிலும் இப்போது ஒன்றும் வைப்பதில்லை. ஆனாலும் லொறி வெளிக்கிடுமுன் தார்த் தரையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு இரட்டைச் சில்லுக்கும் நடுவில் தோள்மூட்டுவரை கையை விட்டுத் துழாவுகிறார்.

“அண்ணை, வைக்காத சாமானை என்னத்துக்குத் தேடுறீங்க?” என்று கேட்டார் ஹிஷாம்.

செல்வரட்ணம் எழும்பி வந்து, கரி பிடித்த வெறுங்கையை ஹிஷாமின் முகத்துக்கு நேரே விரித்து, புரட்டி, மறுபடி விரித்துக் காட்டினார். ஹிஷாம் தலையாட்டிவிட்டு ஏறிப் போனார். லொறி வாசலைத் தாண்டி, வளைவில் மறைந்த பிறகும், அந்தக் கை அப்படியே விரிந்தபடி நின்றது.